மருதாயிக்கு இறங்கிய பால்

மாடு வாங்கப் போகிறவர்கள் மடியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் கன்று எங்கே என்று கேட்க வேண்டும். மடி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, கன்று வந்து முட்டாமல் நம்மூர் மாடு பாலை விடாது, எக்கிக்கொள்ளும். கன்று செத்துப்போன வீட்டில் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாகச் சொருகி, மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். போடியில் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. இதைக் கொடுமை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் ஊருக்குப் புதியவர், அதனால் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுந்தரராஜ், எல்.எம்.பி. கடைவீதிக்குப் பின்னால் சில கட்டில்களைப் போட்டு ஆஸ்பத்திரி நடத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். மலையிலிருந்து அடிபட்டு வருகிறவர்களுக்கும், காய்ச்சலோடு வருகிறவர்களுக்கும் என் வாசல்தான். கொடுத்ததை வாங்கிக்கொள்வேன். ஒரே ஒரு குறை எனக்கு இருந்தது. பிரசவத்தில் கைராசி இல்லாதவன் என்று பேர் வாங்கியிருந்தேன்.

அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது ஏலக்காய் வியாபாரி கமருதீன் வீடு. அவர் மனைவி கமர்நிசாவுக்கு நான் பார்த்த பிரசவம் எல்லாம் வீணாகப் போயிற்று. ஒன்று செத்துப் பிறந்தது, இன்னொன்று பிறந்து அழாமலே போனது. குற்றம் என்னுடையது அல்ல, அந்த அம்மாளின் உடம்பு அப்படி. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கமருதீன் மட்டும் என்னை விடவில்லை. அடுத்த பிரசவத்துக்கும் என்னையே கூப்பிட்டார். எங்கள் ஏலமலை கேரளாவோடு சேர்ந்த வருஷம் அது. மாதம் முழுதாக நிறையாமல் ஒரு பையன் பிறந்தான். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தான், ஆனால் அழுதான். நூர் முகம்மது என்று பேர் வைத்தார்கள்.

கமர்நிசாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமலில் ரத்தம் காட்டியது. பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பசும்பால் கொடுத்தோம், வயிற்றால் போயிற்று. மதுரையிலிருந்து டப்பா மாவு வரவழைத்தோம், அதையும் கக்கினான். தாய்ப்பால் கிடைத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் இல்லை. அப்போதுதான் மருதாயி என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மலைத்தோட்டத்தில் களை எடுக்கிறவள். கையில் அரிவாள் வெட்டு. புருஷன் போன வருஷம்தான் மரம் சாய்ந்து செத்திருந்தான். இடுப்பில் பேச்சி என்று ஒரு பெண் குழந்தை, தலை நிற்கிற வயசு. நான் தையல் போடும்போதே அவள் ரவிக்கை நனைந்திருந்ததைப் பார்த்தேன்.

கமருதீன் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கமர்நிசா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புள்ளையையும் சேத்துக் கொண்டாரச் சொல்லுங்க டாக்டரய்யா. ஒரே பாலைக் குடிச்சா ரெண்டும் கூடப்பொறந்ததுகதான், எங்க மார்க்கத்துல அப்படித்தான். எம் மகனுக்கு அவளும் ஒரு தாயி. தாயை எடுத்துக்கிட்டுப் புள்ளைய விட்டுட்டு வரச் சொல்றது பாவமில்லையா?"

நான் வேண்டாம் என்றேன். பையன் பலவீனமானவன், பேச்சி வலுவாக உறிஞ்சுகிறவள், அவள் குடித்துத் தீர்த்தால் இவனுக்கு என்ன மிஞ்சும் என்று விளக்கினேன். பால் குடிக்கக் குடிக்க ஊறும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள் இரண்டையும் வளர்க்கவில்லையா? ஆனால் ஒரு மருத்துவர் எந்த அபாயத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பேச்சியை மலையில் மருதாயியின் நாத்தனார் மொக்கம்மாளிடம் விட்டுவிட்டு வரச் சொன்னேன். சில வாரம்தான், அப்புறம் போய்விடலாம் என்றேன். மருதாயி ஒத்துக்கொண்டாள். என் பேச்சை அவள் மறுத்ததில்லை.

வந்தாள். பால் வரவில்லை.

மார் கல்லாகக் கட்டிக்கிடந்தது. பையன் வாய் வைத்து உறிஞ்சிச் சோர்ந்து தூங்கிப்போவான். அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "எம் புள்ள அங்கெ கஞ்சித்தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கும். எனக்கு இங்க எப்பிடிய்யா வரும்?" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் உடம்பு சாஸ்திரம் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பொறுமை இருக்கும் என்று நினைக்கிறேன். மூளைக்கு அடியில் கடலைப் பருப்பு அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பாலை இறக்குகிற சத்து அங்கே உண்டாவதில்லை. மேலே மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் அதைத் தயார் செய்து, தங்கள் நீளத்திலேயே கீழே அனுப்பி, நுனியில் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி வைத்துக்கொள்கின்றன. மலையில் விளைந்த ஏலக்காய் இறங்கி வந்து போடிக் கிடங்கில் மூட்டையாகக் கிடக்கிற மாதிரிதான். மதுரையிலிருந்து தந்தி வந்தால்தான் மூட்டை வண்டி ஏறும். குழந்தையின் வாய் படுவது ஒரு தந்தி. அதன் அழுகை ஒரு தந்தி, அதன் வாசனை ஒரு தந்தி. தந்தி கிடைத்தால் நரம்பு நுனியில் உள்ள பைகள் திறந்து சத்து ரத்தத்தில் கலக்கும், பால் இறங்கும். அதே நேரத்தில் துக்கமோ பயமோ வந்துவிட்டால் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் வேறு சுரப்பி வேறொரு சரக்கை அவிழ்த்துவிடும், அது வழியை அடைத்துவிடும். மருதாயியின் மாரில் பால் இல்லாமல் இல்லை. தந்தி வரவில்லை, அவ்வளவுதான். சமீபத்தில்தான் சீமையில் இதையெல்லாம் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். நான் பத்திரிகை வரவழைத்துப் படிக்கிறவன். போடியில் இதைப் பேச எனக்கு ஆளில்லை.

கமருதீனின் ஜீப்பு ஓட்டுகிற சுருளிவேல் தினமும் மலைக்குப் போய் வருகிறவன். பேச்சியைப் போர்த்தியிருந்த சேலைக் கிழிசல் ஒன்றை, துவைக்காமல், எடுத்து வரச் சொன்னேன். அதை மருதாயி கையில் கொடுத்தேன். முகத்தில் வைத்து முகர்ந்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். பையன் இன்னும் வாய்கூட வைக்கவில்லை, அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து வழிந்தது. கமர்நிசா அழுதுகொண்டே அல்லாவைக் கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு சுருளிவேல் அடிக்கடி துணி கொண்டு வந்தான். துணியோடு ஒரு வார்த்தையும் கொண்டு வருவான். புள்ள சிரிக்குது, புள்ள கையச் சூப்புது என்பான். மருதாயிக்குத் துணி பாதி, வார்த்தை பாதி. பையனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கடைவீதியில் என்னைப் பார்த்தால் கடைக்காரர்கள் எழுந்து கும்பிட ஆரம்பித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் மத்தியானம் சுருளிவேல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"டாக்டரய்யா, பேச்சிக்கு வயித்தால போகுது. கண்ணே தெறக்க மாட்டேங்குது. ஆத்தாளை வெரசா அனுப்பச் சொல்லி மொக்கம்மா அழுகுது. நீங்களும் ஒரு எட்டு வந்து பாத்தா நல்லது."

ஜீப்பு வாசலில் நின்றது. மருந்து அலமாரியில் இருந்தது. உப்புத்தண்ணீர் ஏற்றினால் பிழைத்திருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மருதாயிக்குத் தெரிந்தால் அன்றைக்கே பால் நின்றுவிடும். பையனுக்கு அப்போதுதான் உடம்பு தேறிவந்தது. நான் ஜீப்பில் ஏறினால் ஏன் போகிறேன் என்று வீட்டில் கேட்பார்கள். குழந்தையைக் கீழே கொண்டுவந்தால் போடியில் எந்தச் செய்தியும் ஒளியாது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவன் படியிறங்கும்போது இன்னொன்றும் சொன்னேன்.

"வர்றப்ப அந்தப் புள்ளையோட துணி எத்தனை இருக்கோ அத்தனையும் எடுத்துட்டு வந்துரு. ஒண்ணையும் துவைக்க விடாதே."

சுருளிவேல் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனான். துணிகளைக் கொண்டு வந்தான். மறுநாள் நான் போகவில்லை. பேச்சி செத்துப்போனாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று வெளிநோயாளிகள் நிறைய இருந்தார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மொக்கம்மாளுக்கு ஆள் விட்டு, மருதாயிக்கு உடம்பு சரியில்லை, நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தன் கையில் செத்த பிள்ளை என்பதால் அவளுக்கும் அது நிம்மதியாகவே இருந்திருக்கும். பிறகு அவள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். சுருளிவேலிடம் கமருதீன் வீட்டுப் பையனின் உயிர் உன் நாக்கில் இருக்கிறது என்றேன். எஜமான விசுவாசம் உள்ளவன். அவனை நீங்கள் அடித்ததாகக் கேள்விப்பட்டேன், அது தேவையில்லை.

துணிகளை இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வாசனை நாள்பட நாள்பட மங்கத்தான் செய்யும். அதனால் வார்த்தையைக் கூட்டினேன். இனிமேல் சுருளிவேல் அல்ல, நானே சொன்னேன், டாக்டர் சொன்னால் மதிப்பு அதிகம். பேச்சி குப்புறப் படுத்துவிட்டாள் என்றேன். தவழ்கிறாள் என்றேன். கீழ்ப்பல் முளைத்து மொக்கம்மாளைக் கடித்துவிட்டாள் என்று சொன்னபோது மருதாயி வாய்விட்டுச் சிரித்தாள். எப்போது எது நடக்க வேண்டும் என்று எனக்குப் புத்தகத்திலேயே தெரியும், அந்தக் குழந்தையை ஒரு குறையும் இல்லாமல்தான் வளர்த்தேன். மலைக்குப் போய் வருகிறேன் என்று அவள் கேட்டால் பாதை சரிந்துவிட்டது என்பேன், இல்லாவிட்டால் தோட்டத்து லயத்து வீடுகளில் அம்மை போட்டிருக்கிறது, நீ போய் ஒட்டவைத்துக்கொண்டு வந்தால் பையன் கதி என்ன என்பேன். கேட்டுக்கொள்வாள். பால் நிற்கவில்லை.

கமர்நிசாதான் சிரமம் கொடுத்தார். மருந்தில் உடம்பு தேறி நடமாட ஆரம்பித்தவர், மகனின் பால் சகோதரிக்கென்று கவுன் தைத்தார். வெள்ளிக் கொலுசு செய்தார். சுருளிவேலிடம் கொடுத்தால் அவன் என்னிடம் கொண்டு வந்து வைத்துவிட்டு முகத்தைப் பாராமல் போவான். அவற்றில் மிஞ்சியதை என் அலமாரியில் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். மகனுக்கு வருஷம் நிறைகிற அன்றைக்கு அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும், மருதாயியும் பிள்ளையும் இனிமேல் கிடங்குக்குப் பின்னால் உள்ள அறையிலேயே இருந்துகொள்ளட்டும், தானே போய்க் கூட்டி வரப்போகிறேன் என்று அந்த அம்மாள் ஒரே பிடியாக நின்றார். நல்ல மனுஷிகளால்தான் உலகத்தில் பாதிச் சங்கடம்.

அந்தச் சமயத்தில் பக்கத்துச் சிலமலை கிராமத்திலிருந்து கருத்தம்மாள் வந்தாள். கூலிக்காரி. வீடு நிறையப் பிள்ளைகள். கடைசிப் பெண் ராக்குவுக்குச் சளிக்காய்ச்சல், நெஞ்சு இழுத்தது. பேச்சி இருந்திருந்தால் அதே வயசு, ஏறக்குறைய அதே நிறம். பிள்ளையை விட்டுவிட்டுப் போ, இங்கே கூட இருக்க இடமில்லை, அறுப்பு முடித்து வா என்றேன். ஊசி போட்டேன். குழந்தை நன்றாகத் தேறிவிட்டது. என் வைத்தியத்தில் ஒரு பழுதும் இல்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கருத்தம்மாள் திரும்பி வந்தபோது, குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் கண்டுவிட்டது, அது ஒட்டுகிற வியாதி, சுண்ணாம்பு போட்டு உடனே புதைக்க வேண்டியிருந்தது, முகம் காட்ட முடியவில்லை என்று சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். "பசிச்சு அழுதுச்சாய்யா?" என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. பால் வற்ற மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

பிறகு ராக்குவுக்கு அந்தக் கவுன்களில் ஒன்றைப் போட்டு, கொலுசு மாட்டி, மலையிலிருந்து வந்தவளாக ஜீப்பில் கமருதீன் வீட்டுக்குக் கொண்டு போனேன். சுருளிவேல்தான் ஓட்டினான். வழியெல்லாம் கியரைத் தப்புத்தப்பாகப் போட்டான். மருதாயி வாசலில் நின்றாள். குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். குழந்தை புது முகத்தைப் பார்த்து வீறிட்டது. மருதாயி அதன் தலையை முகர்ந்தாள், காலைப் பார்த்தாள், முதுகைத் தடவினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ரவிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நனைந்தது.

பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால் தவறு எங்கே நடந்தது? கமர்நிசா இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே தட்டில் சர்க்கரை ஊட்டினார். கமருதீன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிள்ளை இழந்தவளுக்குப் பிள்ளை கிடைத்தது. பிள்ளைகள் மிகுந்தவளுக்கு ஒரு வாய் குறைந்தது. கணக்கு நேராகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மாத்திரையைக் கருத்தம்மாள் சாப்பிடாமல் போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எம் புள்ள குடிச்ச பாலை மாத்திரை போட்டு வத்த வைக்கவா என்று வழியிலேயே வாய்க்காலில் எறிந்துவிட்டாளாம். ஊரில் வேலையில்லாமல் போடிக்கு வந்தவள், எத்தனையோ கிடங்கு இருக்க, கமருதீன் கிடங்கிலேயே காய் பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதிருக்கிறது. குழந்தைகள் அழுவது அதிசயமில்லை, மற்றப் பெண்கள் தலைகூடத் தூக்கவில்லை. கருத்தம்மாளுக்கு மட்டும் மாரில் சுரீரென்று குத்தி ரவிக்கை நனைந்திருக்கிறது. முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்து உள்ளே போனாள், ராக்கு என்று கூப்பிட்டாள். குழந்தை திரும்பிப் பார்த்தது. அவள் மூளைக்கு அடியில் இருக்கிற அந்தப் பருப்புக்கு நான் எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருந்தேன் என்பது எட்டவில்லை போலிருக்கிறது. சாஸ்திரப்படி அதுதான் சரி. கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மருதாயி உங்களிடம் சொன்னதை நீங்கள் நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "கையில வாங்குனப்பவே தெரியும்யா, இது எம் பேச்சி இல்லேன்னு. எம் புள்ள எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவாங்கன்னும் தெரிஞ்சுபோச்சு. கேக்கலே. பசிச்ச புள்ள அழுதுச்சு, குடுத்தேன்." இதை நான் நம்பவில்லை. தெரிந்திருந்தால் துக்கம் வந்திருக்கும், துக்கம் வந்திருந்தால் பால் நின்றிருக்கும். பால் நிற்கவில்லை, என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண் இப்போது சமாளிப்பதற்காகச் சொல்கிறாள்.

நீங்கள் கேட்டதெல்லாம் நடந்தது. பேச்சியைச் சாக விட்டேன். உயிரோடு இருந்த ராக்குவைச் செத்தாள் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடுகிறேன். நூர் முகம்மதுவைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் எதுவும் இருந்ததில்லை. அவன் இப்போது நடக்கிறான், போய்ப் பாருங்கள்.

குழந்தையைக் கருத்தம்மாளிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒப்படைக்கும்போது மருதாயியையும் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள். குழந்தை அவளை விட்டுப் போக மாட்டேன் என்று அழும். அந்த அழுகைக்கு இருவரில் யாருக்கு முதலில் ரவிக்கை நனைகிறது என்று ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி, பார்த்துவந்து எனக்குச் சொல்லச் சொல்லுங்கள்.